குண்டு விழுந்த ஊரில் குடித்தனம்: லண்டன் 1940–41, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1940 செப்டம்பர் 7, சனிக்கிழமை. நல்ல வெயில். சாயங்காலம் ஜெர்மன் விமானங்கள் தேம்ஸ் நதியை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வந்து கிழக்கு லண்டன் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டன. மரக் கிடங்கு, சர்க்கரைக் கிடங்கு, ரப்பர், பெயின்ட், ரம் பீப்பாய் என்று எல்லாம் சேர்ந்து எரிந்தது. இருட்டிய பிறகு அந்தத் தீயே அடையாளமாக, அடுத்த அணி விமானங்கள் வந்தன. அன்று மட்டும் சுமார் 430 பேர் செத்தார்கள். அதிலிருந்து தொடர்ந்து 57 இரவுகள் லண்டன் மேல் குண்டு விழுந்தது. 1941 மே வரை எட்டு மாதம் நீடித்த இந்தக் காலத்தைத்தான் ‘பிளிட்ஸ்’ என்கிறார்கள். பிரிட்டன் முழுக்க ஏறக்குறைய 43,000 பொதுமக்கள் இறந்தார்கள். அதில் பாதிப் பேர் லண்டன்காரர்கள்.

விமானக் கணக்கும் தளபதிகள் பெயரும் எங்கேயும் கிடைக்கும். என்னிடம் கேட்பவர்கள் கேட்பது வேறு: ராத்திரி எங்கே படுத்தார்கள், கழிப்பறைக்கு என்ன செய்தார்கள், மறுநாள் வேலைக்குப் போனார்களா. எனக்கும் அதுதான் முக்கியமாகப் படுகிறது.

குண்டு விழும் என்று முன்கூட்டியே தெரியாதா? அரசு தயாராக இல்லையா?

தெரியும். நடந்ததைவிடப் பல மடங்கு அதிகமாகவே எதிர்பார்த்தார்கள். போர் தொடங்கினால் முதல் இரண்டு மாதத்திலேயே 6 லட்சம் பேர் சாவார்கள், 12 லட்சம் பேர் காயப்படுவார்கள் என்பது போருக்கு முன் அதிகாரிகள் போட்ட கணக்கு. அதனால் 1939லேயே பத்து லட்சம் சவ அடக்கப் படிவங்களை அச்சடித்து உள்ளாட்சிகளுக்கு அனுப்பினார்கள். விஷவாயு வரும் என்று கோடிக்கணக்கில் முகமூடி கொடுத்தார்கள். ஜனங்கள் பீதியில் பைத்தியம் பிடித்து ஓடுவார்கள் என்று மனநோய் மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

விஷவாயு வரவே இல்லை. சாவும் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் உயிரோடு தப்பித்து, வீடு இடிந்து, கட்டிய துணியோடு தெருவில் நிற்பவரை என்ன செய்வது என்று யாரும் உருப்படியாக யோசித்திருக்கவில்லை. பிணத்துக்குப் படிவம் இருந்தது, பிழைத்தவருக்குப் போர்வை இல்லை. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு கோளாறிலிருந்து வருவதுதான்.

இருட்டடிப்பு என்றால் என்ன? விளக்கையே ஏற்றக் கூடாதா?

ஏற்றலாம், ஆனால் ஒரு கீற்றுகூட வெளியே தெரியக் கூடாது. 1939 செப்டம்பர் 1 முதல் தெருவிளக்கு கிடையாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கார் விளக்குக்கு மூடி. தினமும் சாயங்காலம் வீடு முழுக்கத் திரை கட்டுவது ஒரு பெரிய வேலையாகிவிட்டது. முதல் குண்டு விழ ஒரு வருஷம் இருக்கும்போதே இருட்டு ஆள்களைக் கொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்த முதல் மாதத்தில் சாலை விபத்துச் சாவு ஏறக்குறைய இரட்டிப்பானது. அப்புறம்தான் நடைபாதை ஓரத்துக்கும் மரங்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் வெள்ளை அடித்தார்கள்.

சங்கு ஊதினால் என்ன செய்வார்கள்?

ஏறி இறங்கி ஊளையிட்டால் விமானம் வருகிறது. ஒரே சீராக ஊதினால் ஆபத்து போய்விட்டது. முதல் சில நாள் எல்லாரும் ஓடினார்கள். பகலிலும் பலமுறை ஊதியதால், ஒவ்வொரு முறையும் ஓடினால் பிழைப்பு நடக்காது என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. கடையும் அலுவலகமும் சங்குக்கு நிற்காமல் நடந்தன. கூரைமேல் ஒரு ஆளை நிறுத்தி, விமானம் நிஜமாகவே தலைக்கு மேல் வந்தால் மட்டும் குரல் கொடுக்கச் சொன்னார்கள்.

ராத்திரி எங்கே படுத்தார்கள்?

இங்கேதான் பலருக்குத் தவறான படம் இருக்கிறது. லண்டனே சுரங்க ரயில் நிலையத்தில் படுத்தது என்று நினைக்கிறார்கள். 1940 நவம்பரில் எடுத்த கணக்குப்படி சுரங்க நிலையத்தில் படுத்தவர் நூற்றுக்கு 4 பேர். பொதுப் பதுங்கிடங்களில் 9 பேர். வீட்டோடு சேர்ந்த பதுங்கிடத்தில் 27 பேர். மிச்சப் பேர், அதாவது பாதிக்கும் மேல், சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில், அல்லது மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்தில் படுத்தார்கள்.

வீட்டுப் பதுங்கிடத்தில் முக்கியமானது ‘ஆண்டர்சன்’. அமைச்சர் ஜான் ஆண்டர்சன் பெயரில் வந்தது. வளைத்த நெளிதகரத் துண்டுகளை நீங்களே தோட்டத்தில் குழி தோண்டி நட்டு, மேலே மண் போட வேண்டும். ஆறு பேருக்கு என்று சொன்னார்கள். உள்ளே அகலம் ஒன்றரை மீட்டர்கூடக் கிடையாது. வருஷ வருமானம் 250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் இலவசம், மற்றவர்களுக்கு 7 பவுண்டு. பக்கத்தில் குண்டு விழுந்தாலும் தாங்கியது, நிறைய உயிரைக் காப்பாற்றியது. மேலே போட்ட மண்ணில் காய்கறியும் விளைவித்தார்கள். குறை என்னவென்றால் தண்ணீர் ஊறும். குளிர்காலத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரை வாளியில் இறைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு இருமல் விடவே இல்லை.

ஆனால் அதை நடுவதற்குத் தோட்டம் வேண்டுமே. அதிகமாகக் குண்டு விழுந்த கிழக்கு லண்டனில் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகள்தான். அவர்களுக்காகத் தெருவில் செங்கல் பதுங்கிடம் கட்டினார்கள். சிமென்ட் தட்டுப்பாடு, அரசு உத்தரவில் குழப்பம், அதனால் பல இடங்களில் வெறும் சுண்ணாம்புக் கலவையிலேயே சுவர் எழுப்பிவிட்டார்கள். பக்கத்தில் குண்டு வெடித்ததும் சுவர் விலகி, கான்கிரீட் கூரை அப்படியே உள்ளே இருந்தவர்கள் மேல் இறங்கியது. அதற்குப் பிறகு அதற்குள் போக யார் துணிவார்கள்?

1941 வசந்தத்தில் ‘மாரிசன்’ என்ற இன்னொரு வீட்டுப் பதுங்கிடம் வந்தது. மேலே இரும்புத் தகடு, பக்கத்தில் கம்பி வலை. பகலில் சாப்பாட்டு மேஜை, ராத்திரியில் அதற்குள்ளே படுக்கை. வீட்டுக்குள்ளேயே, ஈரமில்லாமல், குடும்பத்தோடு படுக்கலாம். ஜனங்கள் எப்படித் தூங்க விரும்புகிறார்கள் என்பதைக் கவனித்துச் செய்த முதல் பொருள் இதுதான் என்பது என் எண்ணம். ஐந்து லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். ஆனால் அது பரவலாகக் கைக்கு வந்தபோது பிளிட்ஸ் முடியும் தறுவாயில் இருந்தது.

சுரங்க ரயில் நிலையத்தை அரசு திறந்துவிட்டதா?

இல்லை, ஜனங்களே எடுத்துக்கொண்டார்கள். நிலையங்களைப் பதுங்கிடமாக விடக் கூடாது என்பதுதான் அரசின் முடிவு. ரயில் ஓட வேண்டும், உள்ளே போனவர்கள் வெளியே வரவே மாட்டார்கள் என்று இரண்டு காரணம் சொன்னார்கள். ஜனங்கள் ஒன்றரைப் பென்னிக்கு டிக்கெட் வாங்கினார்கள், பிளாட்பாரத்துக்கு இறங்கினார்கள், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கியவரை எப்படி விரட்டுவது? சில வாரத்தில் அரசு இறங்கி வந்தது. செப்டம்பர் கடைசியில் ஒரே ராத்திரியில் 1,77,000 பேர் உள்ளே இருந்தார்கள்.

ஒரு நாளைய நடைமுறையைப் பாருங்கள். மத்தியானமே பிள்ளைகள் போர்வையும் தலையணையுமாக வந்து இடம் பிடிப்பார்கள். பிளாட்பாரத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள்: ஒன்று விளிம்பிலிருந்து எட்டடி, இன்னொன்று நாலடி. ஏழரை மணி வரை எட்டடிக் கோட்டைத் தாண்டக் கூடாது, ரயிலுக்குப் போகிறவர்களுக்கு வழி வேண்டும். ஏழரைக்கு மேல் நாலடிக் கோடு வரை நகரலாம். பத்தரைக்குப் பிறகு விளிம்பு வரைக்கும் படுக்கலாம். அலுவலகம் விட்டு வருபவர்கள் வரிசையாகக் கிடக்கும் கால்களைத் தாண்டிப் போய் ரயில் ஏறினார்கள். நல்ல மூலையை முன்கூட்டியே பிடித்துக் காசுக்கு விற்றவர்களும் உண்டு.

ஆரம்பத்தில் கழிப்பறை கிடையாது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாதவர்களே இல்லை. கொசுக்கடி, பேன், சொறி, இருமல் வேறு. மூன்றடுக்குக் கட்டில்கள், மருத்துவ உதவி, ரசாயனக் கழிப்பறை, இட ஒதுக்கீட்டுச் சீட்டு எல்லாம் ஒவ்வொன்றாகப் பிறகுதான் வந்தன. சாப்பாடு ஏற்றிய தனி ரயில் நிலையம் நிலையமாகப் போய் டீ, கோகோ, பன் கொடுத்தது. கோப்பை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். பெத்னல் கிரீன் நிலையம் அப்போது கட்டி முடியாமல் இருந்தது. ரயில் ஓடாத அந்தச் சுரங்கத்துக்குள் பின்னாளில் ஒரு நூலகமே நடந்தது.

அங்கே இருந்தவர்கள் பத்திரமாக இருந்தார்களா?

பெரும்பாலும். எல்லாரும் இல்லை. 1940 அக்டோபர் 14 அன்று பாலம் (Balham) என்ற ஊரின் சுரங்க நிலையத்துக்கு மேலே சாலையில் குண்டு விழுந்து, தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் உடைந்து, மண்ணும் தண்ணீரும் சுரங்கத்துக்குள் இறங்கி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இருட்டில் வந்த ஒரு பஸ் மேலே அந்தப் பள்ளத்துக்குள் தலைகுப்புற விழுந்தது. 1941 ஜனவரியில் பேங்க் நிலையத்திலும் பலர் செத்தார்கள்.

என்னை அதிகம் உலுக்குவது 1943 மார்ச் 3ஆம் தேதி பெத்னல் கிரீன். அன்று அங்கே குண்டே விழவில்லை. சங்கு ஊதியது, பக்கத்துப் பூங்காவில் புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் பயங்கரச் சத்தத்தோடு கிளம்பின. மழை பெய்து நனைந்த படிக்கட்டு, நடுவில் பிடிக்கக் கைப்பிடி கிடையாது, ஒரே ஒரு மங்கல் விளக்கு. கீழே ஒருவர் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் அடுக்கடுக்காக அவர்மேல் விழுந்தார்கள். 173 பேர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். அதில் 62 குழந்தைகள். அந்த நுழைவாயில் ஆபத்தானது என்று உள்ளூர் நிர்வாகம் முன்பே மேலே எழுதியிருந்தது, செலவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. விசாரணை அறிக்கையையும் உடனே வெளியிடவில்லை.

பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே ஆபத்துதானா?

குண்டு ஆள் பார்த்து விழாது. செப்டம்பர் 13 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையிலும் விழுந்தது. ஆனால் துறைமுகத்தைக் குறிவைத்தால் துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள்தான் சாவார்கள், அவர்கள் கூலிக்காரர்கள். வசதி உள்ளவர்களுக்குக் கிராமத்தில் வீடு, காரில் பெட்ரோல், ஹோட்டல் அடித்தளத்தில் மெத்தை.

செப்டம்பர் நடுவில் ஒரு ராத்திரி, கிழக்கு லண்டன்காரர்கள் எழுபது எண்பது பேர், குழந்தைகளும் கூட, கம்யூனிஸ்ட் கட்சியின் ஃபில் பிராட்டின் தலைமையில் பணக்காரர்கள் தங்கும் சவாய் ஹோட்டலுக்குள் நுழைந்து அதன் பதுங்கிடத்தில் உட்கார்ந்தார்கள். சங்கு ஊதியிருந்ததால் வெளியே தள்ள முடியவில்லை. டீ கேட்டார்கள், பேரம் பேசி வழக்கமான விலை கொடுத்துக் குடித்தார்கள். இதைக் கட்சி விளம்பரம் என்று ஒதுக்கியவர்கள் அப்போதும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வாரம்தான் கிழக்கு லண்டனின் கேனிங் டவுன் பகுதியில் சவுத் ஹால்ஸ்வில் பள்ளி இடிந்தது. வீடிழந்தவர்களை அங்கே தங்கவைத்து, பஸ் வரும் என்றார்கள். பஸ் வராமலே நாள்கள் கழிந்தன. செப்டம்பர் 10 அதிகாலை குண்டு விழுந்தது. அரசுக் கணக்கு 77 பேர். அந்தத் தெருக்காரர்கள் அந்த எண்ணை இன்றுவரை ஏற்கவில்லை, நூற்றுக்கணக்கில் என்பார்கள்.

வீடு இடிந்தவர்கள் எங்கே போனார்கள்?

பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டுக்கு. அதற்கு வழியில்லாதவர்கள் ‘ரெஸ்ட் சென்டர்’ எனும் முகாமுக்கு, அதாவது ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு. சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள் என்ற நினைப்பில், ஏழைகள் நிவாரணச் சட்டத்தின் கீழ் திறந்த இடங்கள் அவை. ரொட்டி, டின் மாட்டிறைச்சி, டீ, அவ்வளவுதான். ஒரு முகாமில் இருநூறு முந்நூறு பேருக்குப் பத்து வாளிதான் கழிப்பிடம். கைகழுவ ஏழு தொட்டி. சோப்பு கிடையாது, துண்டு கிடையாது. வாளி நிரம்பித் தரையில் வழிந்தது. செப்டம்பர் கடைசியில் இப்படி 25,000 பேர் முகாம்களில் கிடந்தார்கள்.

ரேஷன் புத்தகம் எரிந்துவிட்டால் ஒரு அலுவலகம், அடையாள அட்டைக்கு இன்னொன்று, துணிக்கு வேறு இடம், இழப்பீட்டுக்கு வேறு. எல்லாம் ஊரின் நாலு மூலையிலும், பஸ் ஓடாத நாளில். கைக்குழந்தையோடு ஒரு பெண் இதற்கெல்லாம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பத்திரிகையாளர் ரிச்சி கால்டர் போன்றவர்கள் விடாமல் எழுதினார்கள். வீடிழந்தோருக்கென்று ஹென்றி வில்லிங்க் என்ற தனி ஆணையர் வந்தார். ஒரே இடத்தில் எல்லாத் துறையும் உட்கார்ந்து பதில் சொல்லும் தகவல் மையங்கள் வந்தன. கட்டில், போர்வை, சுடுசோறு, செவிலியர் என்று முகாம்களும் மெல்ல மாறின. 1941 மே வரையில் லண்டனில் ஏறக்குறைய 14 லட்சம் பேர், ஆறில் ஒருவர், ஏதோ ஒரு கட்டத்தில் வீடிழந்திருந்தார்கள்.

தூக்கம்?

இல்லை. செப்டம்பரில் மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வுக் குழு கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் அந்த ராத்திரி கண்ணே மூடவில்லை என்றார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு நாலு மணி நேரத்துக்கும் குறைவு. அதே சமயம், விமான எதிர்ப்புப் பீரங்கிகள் முழங்க ஆரம்பித்த பிறகு சிலருக்கு நல்லாத் தூக்கம் வந்ததாம். அந்தப் பீரங்கிகள் வீழ்த்திய விமானங்கள் மிகக் குறைவு. நாமும் திருப்பி அடிக்கிறோம் என்ற சத்தமே போதுமாக இருந்தது.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

1940 ஜனவரியிலேயே பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரைக்கு ரேஷன் வந்துவிட்டது. ஜூலையில் டீத்தூளுக்கும், ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். ரொட்டிக்குப் போர் முடியும் வரை ரேஷன் கிடையாது. குண்டு விழுந்த மறுநாள் சிக்கல் அரிசி பருப்பில் இல்லை, அடுப்பில். காஸ் குழாய் உடைந்திருக்கும், தண்ணீர் தெருக்குழாயில் வரிசை நின்று பிடிக்க வேண்டும். இதற்காக செப்டம்பரிலேயே லண்டன் நகர சபை பொதுச் சமையலறைகளைத் தொடங்கியது. பிறகு நாடெங்கும் ‘பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்’ என்ற பெயரில் பரவிய மலிவு விலை உணவகங்களுக்கு இது முன்னோடி.

எரிகுண்டை ஜனங்களே அணைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஒரு கிலோ எடை உள்ள மெக்னீசியக் குண்டு. கூரையில் விழுந்த உடனே மணலைக் கொட்டினாலோ கைப்பம்பால் தண்ணீர் அடித்தாலோ அடங்கிவிடும். சில நிமிஷம் விட்டால் கட்டிடம் போச்சு. ஆக, ஆள் அங்கே இருக்க வேண்டும். 1940 டிசம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை. வணிகப் பகுதி அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன, தேம்ஸில் ஓதம் இறங்கித் தண்ணீர் மிகவும் குறைந்திருந்தது, குழாய்களும் உடைந்தன. புத்தகக் கிடங்குகள் நிறைந்த பேட்டர்நாஸ்டர் ரோ தெரு லட்சக்கணக்கான புத்தகங்களோடு சாம்பலானது. பக்கத்திலேயே இருந்த செயின்ட் பால் தேவாலயம் தப்பியது. ராத்திரி முழுக்கக் கூரையில் தொண்டர்கள் காவல் இருந்ததுதான் காரணம். அதற்கடுத்த மாதமே தீக்காவல் கட்டாயமாயிற்று.

எல்லாரும் தைரியமாகச் சிரித்துக்கொண்டே இருந்தார்களாமே?

பயந்தார்கள், அழுதார்கள், சாயங்காலமானால் புறநகர்க் காடுகளுக்கு நடந்து போய்ப் படுத்தார்கள். இடிந்த வீட்டில் திருடியவர்களும் உண்டு, பிடிபட்டவர்களில் மீட்பு வேலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் மருத்துவர்கள் பயந்த மனநோய் அலை வரவில்லை. திறக்கத் தயாராக வைத்திருந்த மனநல விடுதிகளுக்கு ஆளே வரவில்லை.

இதைத் தைரியம் என்ற ஒரே சொல்லில் முடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் தெருவெங்கும் ஒரே சத்தம்: கண்ணாடிச் சில்லைத் துடைப்பத்தால் கூட்டும் சத்தம். பால்காரர் இடிபாட்டைச் சுற்றிக்கொண்டு வருவார். வான்தாக்குதலின்போது தெருவைக் கவனிக்கும் வார்டனுக்கு யார் எந்த அறையில் படுப்பார் என்பது மனப்பாடம், அதனால் எங்கே தோண்ட வேண்டும் என்று மீட்புக் குழுவுக்குக் கை காட்டுவார். வார்டன்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத பகுதிநேரத்தார், ஏறக்குறைய ஆறில் ஒருவர் பெண். அடுத்தவேளை செய்ய ஒரு வேலை கையில் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

குழந்தைகளை ஊரைவிட்டு அனுப்பவில்லையா?

அனுப்பினார்கள். 1939 செப்டம்பர் முதல் சில நாளில் நாடு முழுக்கச் சுமார் 15 லட்சம் பேர், கழுத்தில் பெயர்ச்சீட்டும் தோளில் முகமூடிப் பெட்டியுமாக. மாதக்கணக்கில் குண்டே விழாததால் 1940 ஜனவரிக்குள் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். பெற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்துவிட்ட பிள்ளைகள் காலையில் குண்டுச் சிதறல் பொறுக்கி, பள்ளியில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள்.

லண்டனில் அப்போது இந்தியர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் இந்தியக் கப்பல் தொழிலாளர்கள், நகரின் மற்ற பகுதிகளில் மாணவர்கள், மருத்துவர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி.கே. கிருஷ்ண மேனன் அப்போது செயின்ட் பாங்கிராஸ் பகுதியின் கவுன்சிலர். வான்தாக்குதல் வார்டனாகவும் வேலை பார்த்தார். பகலில் இந்திய விடுதலைக்காகக் கூட்டம், ராத்திரியில் அதே லண்டன் தெருவில் காவல்.

1941 மேயோடு முடிந்ததா?

மே 10 இரவு மிகக் கொடுமையானது, 1,400க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பாராளுமன்றக் கீழவையின் கூடமும் எரிந்தது. அப்புறம் ஜெர்மன் விமானங்கள் ரஷ்யா பக்கம் திரும்பின. 1944 ஜூனில் ஆளில்லாப் பறக்கும் குண்டு வந்தது. அதன் இரைச்சல் கேட்கும்வரை பயமில்லை. இரைச்சல் நின்றால் அது இறங்குகிறது என்று பொருள். செப்டம்பரில் வந்த வி-2 ராக்கெட்டுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. நவம்பர் 25 அன்று நியூ கிராஸில் ஒரு கடைமேல் விழுந்து 168 பேரைக் கொன்றது.

இன்று போனால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் எக்சிபிஷன் ரோடு பக்கச் சுவரில் சிதறல் குத்திய குழிகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். விரலை வைத்துப் பார்க்கலாம்.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது தெற்கு லண்டனின் சில பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வேலி. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம், நடுவில் கம்பி வலை. ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளைவு. அது வேலிக்குத் தேவையில்லாத வளைவு. காயப்பட்டவரைத் தரையில் வைக்கும்போது, தூக்குபவரின் விரல் நசுங்காமல் அடியில் புக இடம் விட்ட கால் அது. விஷவாயு பட்டால் எளிதாகக் கழுவ வேண்டும் என்று இரும்பில் செய்த ஸ்ட்ரெச்சர்கள், சுமார் ஆறு லட்சம். எதிர்பார்த்த அளவுக்கு ஆள் விழாததால் மீந்துபோனவை. பழைய வேலிகளைப் போருக்காக உருக்க எடுத்துப் போயிருந்தார்கள், அந்த இடத்தில் இவற்றைப் பக்கவாட்டில் நிறுத்திப் பற்றவைத்துவிட்டார்கள். இப்போது அதில் பிள்ளைகள் சைக்கிளைச் சாத்தி வைக்கிறார்கள்.